நாலு மணி பிஸ்கட்

நாய் பிஸ்கட்டைக் கண்டுபிடித்தவர் கால்நடை டாக்டர் இல்லை. பேக்கரிக்காரரும் இல்லை. இடிதாங்கி விற்கப் போன ஓர் அமெரிக்கர்!

ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்று பெயர். 1860 வாக்கில் லண்டனுக்குப் போனவர், துறைமுகத்தில் கப்பல்காரர்கள் வீசியெறிந்த காய்ந்த பிஸ்கட்டைத் தெருநாய்கள் கவ்விக்கொண்டு ஓடுவதைப் பார்த்தாராம். இடிதாங்கியை மூட்டை கட்டி வைத்துவிட்டார். கோதுமை, பீட்ரூட், காய்கறி, மாட்டு ரத்தம் எல்லாம் சேர்த்து நாய்க்கென்றே ஒரு பிஸ்கட் போட்டு விற்றார். காசு கொட்டியது. அவர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த சார்லஸ் க்ரஃப்ட் என்பவர்தான் பிற்பாடு 1891ல் லண்டனில் க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியை ஆரம்பித்தவர். அது இன்றைக்கும் நடக்கிறது.

நம்ம ஊருக்கு வந்திருந்தால் ஸ்ப்ராட்டுக்கு இந்த யோகம் அடித்திருக்காது. இங்கேதான் டீக்கடையில் பொறை இருக்கிறதே! கோவிலம்பாக்கத்தில், மேடவாக்கம் மெயின் ரோட்டில், மெட்ரோ தூண்களுக்குக் கீழே தூசியோடு தூசியாக நின்று டீ குடிக்கிற யாரை வேண்டுமானாலும் பாருங்கள். தனக்கு ஒரு டீ, காலடியில் வாலாட்டுகிற ஜீவனுக்கு ஒரு பொறை. வாங்கிக் கொடுக்கிறவர் அதை வாயில் வைத்திருக்கவே மாட்டார். அது நாய்க்குத்தான் என்று சென்னையில் எழுதாத சட்டம்.

பொறையாவது பரவாயில்லை. வீட்டுக்குள் வளர்கிற பிராணிகளுக்கு நாம் அன்பாகக் கொடுக்கிற ஐட்டங்கள் இருக்கின்றனவே... அங்கேதான் வம்பு.

எங்கள் ஃப்ளாட்டுக்கு எதிர் ஃப்ளாட்டில் ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் இருக்கிறார். மாமி காலமாகி மூன்று வருஷம். பையன் அமெரிக்காவில். மிச்சம் இருப்பது சாரும், மாமி ஆசையாக வளர்த்த ஜிம்மியும். ஜிம்மி வெள்ளைப் புசுபுசு பொமரேனியன். எட்டு கிலோ இருக்க வேண்டிய உடம்பு. போன வருஷம் தராசில் நிறுத்தியபோது பன்னிரண்டு கிலோ. நாலு காலும் உடம்புக்கு அடியில் காணாமல் போய், பார்க்கிறதற்குத் திண்டு தலையணை நகர்ந்து வருகிற மாதிரி இருக்கும். ஒரு மாடி ஏறினால் நாக்கைத் தள்ளிவிட்டு லேண்டிங்கில் படுத்துவிடும். சார் அதைத் தூக்கிக்கொண்டு ஏறுவார். அவருக்கு வயசு எழுபத்திரண்டு. அப்புறம் அவர் லேண்டிங்கில் உட்காருவார்.

நாங்கள்தான் கால்நடை டாக்டர் அம்மாவிடம் அழைத்துப் போனோம். அந்த அம்மா ஜிம்மியின் விலாவைத் தடவிப் பார்த்தார். எலும்பு கைக்குத் தட்டுப்படவில்லை. "முட்டி தேயுது, மூச்சு வாங்குது. இப்படியே விட்டா ஹார்ட்டுக்கும் கஷ்டம். என்ன சார் கொடுக்கறீங்க?"

"ஒண்ணுமே இல்லம்மா. ரெண்டு வேளை கொஞ்சம் சாதம். அவ்வளவுதான்."

"வேற?"

"அப்புறம்... பிஸ்கட்."

"எத்தனை?"

சார் கணக்கு வாத்தியார். பொய் சொல்ல வராது. "காலைல ரெண்டு. நாலு மணிக்கு நாலு. படுக்கறச்சே ரெண்டு."

டாக்டர் ஒரு பேப்பரை எடுத்துச் சாரிடமே நீட்டினார். எட்டு கிலோ நாய் இளைக்க வேண்டுமானால் ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து சுமார் 350 கலோரிதான் போகலாம். ஒரு சின்ன குளுக்கோஸ் பிஸ்கட்டே 20 கலோரிக்கு மேல். எட்டு பிஸ்கட் என்றால்? சார் மனக்கணக்காகவே போட்டுவிட்டார். 160க்கு மேல்! நாள் முழுக்க உண்டான ரேஷனில் கிட்டத்தட்டப் பாதி, 'ஒண்ணுமே இல்லை' என்ற தலைப்பில் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதுவும் அந்த பிஸ்கட்டில் கிட்டத்தட்டக் கால் பங்கு சர்க்கரை.

"தீனியெல்லாம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது சார். பிஸ்கட்டை நிறுத்திடுங்க" என்றார் டாக்டர்.

சார் ஒன்றும் பேசவில்லை. ஆட்டோவில் ரேடியல் ரோடு வருகிறவரைக்கும் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார். "நாலு மணி பிஸ்கட் அவ ஆரம்பிச்சது. டப்பாவைத் திறந்துண்டு பால்கனில உட்காருவா. அவ போனதுக்கப்புறமும் அது நாலு மணியானா பால்கனிக்குப் போயி நிக்கறது. நான் டப்பாவைத் திறக்கலேன்னா அது என்ன நினைச்சுக்கும்?"

இதற்கு என்ன பதில் சொல்ல முடியும், சொல்லுங்கள்! மருந்து சீட்டில் எழுதுகிற விஷயமா இது?

மறுநாள் சாயங்காலம் காலிங் பெல். சார் கையில் ஒரு பாக்கெட். முகத்தில் ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியிலிருந்து எழுந்து வந்த சந்தோஷம். "சுகர் ஃப்ரீ பிஸ்கட்! எனக்கும் சுகர், அதுக்கும் குண்டு. ரெண்டு பேருக்கும் ஒரே பாக்கெட்!"

என் மனைவிக்கு எதையும் படித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். உப்பு பாக்கெட்டையே பின்பக்கம் திருப்பிப் படிக்கிற ரகம். "சார், இருங்க. ஸைலிட்டால்னு ஒண்ணு இருக்கும். அது நாய்க்கு விஷம்" என்றாள்.

உண்மைதான். ஸைலிட்டால் என்பது சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கிற ஓர் இனிப்பு. மனுஷனை ஒன்றும் செய்யாது. நாயின் உடம்போ அதைச் சர்க்கரை என்று ஏமாந்து இன்சுலினை அள்ளிக் கொட்டிவிடும். ரத்தத்தில் சர்க்கரை சடாரென்று இறங்கி, ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தள்ளாட்டம், வலிப்பு வரலாம். ஈரலும் கெட்டுப்போகலாம். பூதக்கண்ணாடி வைத்து பாக்கெட்டைப் படித்தோம். பிஸ்கட்டில் அது இல்லை. சாரின் சட்டைப் பையில் இருந்த சூயிங் கம்மில் இருந்தது! புகையிலையை விட்டதிலிருந்து அவருக்கு அது பழக்கம். வகுப்பில் சூயிங் கம் மென்றதற்காக எத்தனை பையன்களை பெஞ்ச் மேல் ஏற்றியிருப்பாரோ! அன்றைக்கே அந்த கம் ஜிம்மிக்கு எட்டாத பரண் மேல் ஏற்றப்பட்டது.

சரி, பிஸ்கட்டும் கூடாது, சுகர் ஃப்ரீயும் கூடாது. டப்பா மட்டும் திறக்க வேண்டும். என்ன செய்யலாம்?

ரஷ்யாவில் பாவ்லோவ் என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். ஜீரணத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்து 1904ல் நோபல் பரிசு வாங்கியவர். சாப்பாடு வருவதற்கு முன்னால் வழக்கமாக ஒரு சத்தம் கேட்டால், பிற்பாடு அந்தச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று நிரூபித்தவர். ஜிம்மியும் அந்த வகைதானே? அது ஓடி வருவது டப்பா மூடியின் 'டொக்'குக்கு. உள்ளே இருக்கிற பிராண்டுக்கு இல்லை! டப்பா அதே டப்பாவாக இருக்கட்டும், சரக்கை மாற்றுவோம் என்று முடிவாயிற்று. சார் வீட்டில் முட்டை வாசலைத் தாண்டி வரக்கூடாது. ஆகையால் சைவ பிஸ்கட். இதோ செய்முறை. குறித்துக்கொள்ளுங்கள்.

கேழ்வரகு மாவு ஒரு கப். மஞ்சள் பூசணிக்காயைத் தோல், விதை நீக்கி வேகவைத்து மசித்தது அரை கப். இரண்டையும் சேர்த்துப் பிசையுங்கள். தண்ணீர் தேவைப்பட்டால் மட்டும் தெளியுங்கள். உப்பு கிடையாது. சர்க்கரை, வெல்லம், நெய், ஏலக்காய் எதுவும் கிடையாது. உங்கள் கை சும்மா இருக்காது, தெரியும். கட்டிப்போடுங்கள். சப்பாத்தியை விடச் சற்று கனமாக இட்டு, பாட்டில் மூடியால் வட்ட வட்டமாக நாற்பது வெட்டுங்கள். இட்லிப் பானையில் பன்னிரண்டு நிமிஷம் ஆவியில் வேகவிட்டு, அப்புறம் கனமான தோசைக்கல்லில் சிம்மில் போட்டு, திருப்பித் திருப்பி மொறுமொறுவென்று ஆகிறவரைக்கும் காயவிட வேண்டும். அரை மணி நேரம் பிடிக்கும். அவன் இருக்கிறவர்கள் அவனிலேயே வைக்கலாம். நன்றாக ஆறினதும் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். கெடாமல் இருக்க நாம் எதுவும் சேர்க்கவில்லை. அதனால் அஞ்சு நாள்தான் கணக்கு. முட்டை சாப்பிடுகிற வீடாக இருந்தால் மாவில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றலாம். நாய்க்கு ரொம்பப் பிடிக்கும்.

நாற்பது பிஸ்கட்டில் ஒன்று சுமார் 11 கலோரி என்று சார் கண்டுபிடித்தார். பத்தில் ஒரு பங்கு என்றால் 35 கலோரி. ஆக நாளைக்கு மூன்று. தினசரி காலண்டர் தாளில் பென்சிலால் குறித்து, நாலு மணிக்கு மூன்றையும் பொடிப் பொடியாக உடைத்து ஒன்பது துண்டாக்கிக் கொடுத்தார். ஜிம்மிக்கு எண்ணிக்கை முக்கியம், எடை தெரியாது!

நாய்க்குக் கேழ்வரகு ஒத்துக்கொள்ளுமா, அது மாமிச பட்சிணி ஆயிற்றே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2013ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் ஓநாயையும் நாயையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாவுச்சத்தைச் செரிக்கிற மரபணு ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு பிரதிகள் இருந்தது. ஆயிரக்கணக்கான வருஷமாக நம் அடுப்பங்கரை வாசலில் காவல் இருந்து, நம் சோற்றைத் தின்று, வயிற்றையே மாற்றிக்கொண்ட ஜீவன் அது! அதற்காகக் கேழ்வரகையே மூன்று வேளையும் போடக்கூடாது. நாம் பேசுகிறது தீனியைப் பற்றி மட்டும். முழுச் சாப்பாட்டுக்கு டாக்டரைக் கேளுங்கள்.

ஆனால் பூனை? அது வேறு ஜாதி ஐயா.

எங்கள் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. நாங்கள் வளர்க்கவில்லை. அதுவாக வந்து எங்களை வளர்த்துக்கொண்டிருக்கிறது. 'மேடம்' என்று பெயர். ஒரு நாள் ஜிம்மியின் கேழ்வரகு பிஸ்கட்டை மேடம் முன்னால் வைத்தேன். முகர்ந்து பார்த்தது. பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தது. ஆபீஸில் லீவு லெட்டர் நீட்டினால் மானேஜர் பார்ப்பாரே, அந்தப் பார்வை. முன்னங்காலால் தரையைச் சுரண்டி, அதை மூடுகிற மாதிரி பாவனை செய்துவிட்டுப் போய்விட்டது.

மேடத்தைக் குற்றம் சொல்ல முடியாது. பூனைக்கு இனிப்பே தெரியாது! நாக்கில் இனிப்பை உணரச் செய்கிற மரபணு அதற்கு வேலை செய்வதில்லை என்று 2005ல் அமெரிக்காவில் மோனெல் ஆய்வுக்கூடத்தார் கண்டுபிடித்தார்கள். புலிக்கும் இதே கதிதான். மைசூர்பாக்கும் மண்ணாங்கட்டியும் மேடத்துக்கு ஒன்று.

அதைவிட முக்கியம் டாரின் என்கிற சத்து. மாமிசத்திலும் மீனிலும் இருப்பது. பூனையின் உடம்பால் அதைப் போதிய அளவு தானே தயாரித்துக்கொள்ள முடியாது. 1987ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக் கால்நடை டாக்டர்கள், பூனைகளின் இதயம் பலூன் மாதிரி பெரிசாகி அவை செத்துப்போவதற்குக் காரணம் இந்த டாரின் குறைச்சல்தான் என்று எழுதினார்கள். டாரின் கொடுத்ததும் பல பூனைகள் தேறின. ஆகவே, பூனையைச் சைவமாக்குகிற புண்ணியம் நமக்கு வேண்டாம். தயிர் சாதம் சாப்பிட்டு வாழ்கிற பூனையைப் பார்த்தீர்களானால், அது பக்கத்து வீட்டில் எலிக்கோ மீன் தலைக்கோ கணக்கு வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

பால்? பூனை என்றாலே பால் என்று பள்ளிக்கூடப் புத்தகத்திலிருந்து படம் போட்டுப் பழகிவிட்டோம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. வயிற்றைக் கலக்கும். பால் திருடுகிற பூனைக்கு அந்தத் தண்டனையே போதும்.

மேடத்துக்கு நாங்கள் செய்கிற தீனி ரொம்ப சுலபம். தோல், எலும்பு இல்லாத கோழித் துண்டை உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் இல்லாமல் தண்ணீரில் நன்றாக வேகவைக்க வேண்டும். நூல் நூலாகப் பிய்த்து, தோசைக்கல்லில் சிம்மில் போட்டு ஈரம் வற்றவிட வேண்டும். கீழ்க்கட்டளையில் நல்ல மத்தி கிடைத்தால் அதையும் வேகவைத்து முள் ஆய்ந்து இதே மாதிரி செய்யலாம். நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு வேகவைத்த கோழி 15 கிராம், அதாவது ஒரு மேஜைக்கரண்டி. அதற்கு மேல் மேடம் கேட்டால் காது கேட்காத மாதிரி பேப்பர் படிக்க வேண்டும். கஷ்டம்தான். மொட்டை மாடியில் வடாம் மாதிரி காயவைக்கலாமே என்று யோசிக்காதீர்கள். மாமிசம் வெயிலில் காய்வதற்குள் கிருமி குடித்தனம் வந்துவிடும், காக்கை வேறு. கருவாடும் வேண்டாம். அத்தனையும் உப்பு.

நம் அடுக்களையில் இருந்து இரண்டுக்குமே போகக்கூடாத ஐட்டங்கள் உண்டு. முதலில் வெங்காயம், பூண்டு. பச்சையோ, வெந்ததோ, பொடியோ, ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பூனைக்கு இன்னும் சீக்கிரம். வெங்காய சாம்பார் ஊற்றிய மிச்சச் சோற்றை 'பாவம், சாப்பிடட்டும்' என்று போடுகிறோமே, அது பாவம்தான். அடுத்தது திராட்சை. பச்சையோ, உலர்ந்ததோ, நாயின் கிட்னியைச் செயலிழக்கச் செய்துவிடும். எவ்வளவு தின்றால் ஆபத்து என்று அளவு சொல்ல முடியாது. சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் கேசரியிலும் ஒளிந்திருக்கிறது பாருங்கள், அதே திராட்சைதான். பிரசாதமாக இருந்தாலும் ஜிம்மிக்கு வேண்டாம், சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார். சாக்லேட் கூடாது. பிரியாணி எலும்பு கூடாது. வெந்த எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

கூடுகிறவையும் நிறைய இருக்கின்றன. நாய்க்குக் காரட், வெள்ளரி, விதை எடுத்த தர்பூசணி, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒரு துண்டு. அக்னி நட்சத்திரத்தில், உப்பு வெங்காயம் போடாமல் கோழி வேகவைத்த தண்ணீரை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து ஒரு கட்டி கொடுத்தால், அது காட்டுகிற நன்றியை நம் சொந்தக்காரர்களிடம் எதிர்பார்க்க முடியாது.

எங்கள் வாட்ச்மேன் இந்தத் தீனி சமாசாரத்தை வேறு ஒரு காரியத்துக்குப் பயன்படுத்தினார். எங்கள் தெருவில் கருப்பி என்று ஒரு நாய். யாரையும் பத்தடிக்குள் விடாது. ரேபீஸ் ஊசி போட வருகிறவர்களைக் கண்டால் நாராயணபுரம் ஏரிப் பக்கம் மாயமாகிவிடும். ரேபீஸ் வந்துவிட்டால் நாயும் பிழைக்காது, கடிபட்டு ஊசி போடாத மனுஷனும் பிழைப்பதில்லை. தெருவில் குழந்தைகள் விளையாடுகின்றன. வாட்ச்மேன் தினம் ஒரே நேரத்தில், கேட்டைத் தாண்டி ஒரு மூலையில், எங்கள் கேழ்வரகு பிஸ்கட் ஒன்றை வைத்தார். 2023ல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும், வாசல், மாடிப்படி, குழந்தைகள் விளையாடுகிற இடம் இவற்றை விட்டுத் தள்ளி ஓர் இடம் ஒதுக்கித்தான் போட வேண்டும் என்கின்றன. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் கண்ட தெருவில் போடாதே, ஒதுக்கிய இடத்தில் போடு என்றது. முதல் வாரம் அவர் நகர்ந்த பிறகுதான் கருப்பி வந்தது. மூன்றாவது வாரம் அவர் நிற்கும்போதே வந்தது. இரண்டு மாசம் கழித்து அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. ஊசி போடுகிறவர்கள் வந்த அன்று கருப்பி ஓடவில்லை. அவர் கையில் இருந்த துண்டை நக்கிக்கொண்டிருந்தபோதே ஊசி போட்டாயிற்று. வலை வேண்டியிருக்கவில்லை.

பசிக்கு வேளாவேளைக்குச் சோறு இருக்கிறது. தீனி வேறு காரியத்துக்கு. 'நான் இருக்கிறேன், இதே நேரத்துக்கு நாளைக்கும் வருவேன்' என்று அந்த ஜீவனுக்குப் புரிகிற பாஷையில் சொல்கிற சமாசாரம் அது. அதற்குச் சர்க்கரை எதற்கு? விரல் நுனி அளவு துண்டு போதும். நேரம் தவறக்கூடாது, அவ்வளவுதான்.

ஜிம்மி எட்டு மாசத்தில் ஒன்பதரை கிலோவுக்கு வந்துவிட்டது. இடுப்பு என்று ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது. மாடியைத் தானே ஏறிவிட்டு, மேலே நின்று சாருக்காகக் காத்திருக்கிறது.

போன வாரம் சார் வந்தார். பூசணிக்காய் வாங்கிக் கொடுத்துவிட்டு, இந்தத் தடவை மாவை இரண்டு கப்பாகப் போடச் சொன்னார்.

"எதுக்கு சார்? அஞ்சு நாள்தானே தாங்கும்?"

"தீர்ந்துடும்" என்றார். "நாலு மணிக்கு அதுக்கு மூணு, எனக்கு மூணு. டீக்கு வேற என்ன இருக்கு சுகர்காரனுக்கு?"

பிறகு என் மனைவியைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, ஜிம்மி காதில் விழாதபடிக்குச் சொன்னார்:

"என் பங்குக்கு மட்டும் கொஞ்சம் உப்பு போடேம்மா!"